புது ஃபிரேம், பிடிக்காத மரை

ஃபிரேமை மட்டும் தனியாக வாங்கி, மற்ற உதிரிகளைத் தேடிப்பிடித்து நாமே சைக்கிள் கட்டுவது ஒரு சுகமான பைத்தியம். அந்தச் சுகம் பெரும்பாலும் பி.பி. குழாயில், அதாவது ஃபிரேமின் அடியில் பெடல் அச்சு நுழையும் 'பாட்டம் பிராக்கெட்' குழாயில், வந்து நின்றுவிடும். பெடல் அச்சைத் தாங்கும் கப்பை அதில் வைத்துத் திருகினால் ஒரு சுற்று போகிறது, அப்புறம் ஒரே இறுக்கம். ஸ்பானர் போட்டு ஒரு தள்ளு தள்ளலாமா என்று கை துறுதுறுக்கும். நானும் ஒருமுறை தள்ளினேன். கப் உள்ளே போனது, ஆனால் சாய்ந்து போனது.

புதிதாக வந்த ஃபிரேமில் மரை ஏன் கெட்டிருக்க வேண்டும்? பல நேரம் அது கெட்டிருக்காது, அடைத்திருக்கும். மரை வெட்டிய பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள். அப்போது வாயைச் சரியாக மூடாமல் விட்டால் பள்ளத்தில் பெயின்ட் இறங்கிக் காய்ந்துவிடும். இன்னொரு காரணம் வெல்டிங். அந்தச் சின்னக் குழாயைச் சுற்றி நாலு பக்கமிருந்தும் வேறு குழாய்கள் வந்து ஒட்டுகின்றன. சூடு ஆறும்போது உலோகம் இழுக்கும், வட்டம் துளி கோணும். அதன்பின் உள்ளே மறுபடி டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓட்டாமல் அனுப்பினால் நம் கையில் வந்து மல்லுக்கு நிற்கும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். பி.எஸ்.ஏ. என்றால் நம் ஊரில் ஒரு சைக்கிளின் பெயர். உலகெங்கும் உள்ள மெக்கானிக்குகளுக்கு அது பி.பி. குழாயில் வெட்டும் ஒரு மரையின் பெயரும்கூட. இரண்டுக்கும் மூலம் 1861-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கி நிறுவனம்தான். இந்த மரையின் விட்டம் 1.37 அங்குலம், அதாவது சுமார் 34.8 மி.மீ. ஓர் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு முழுச் சுற்றுக்குக் கப் நகர்வது 1.06 மி.மீ. மட்டுமே.

அப்படியானால் 35 மி.மீ. அகலமுள்ள கப் ஒரு பக்கம் வெறும் 1 மி.மீ. தூக்கிக்கொண்டாலே, அந்தப் பக்கம் அடுத்த பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும். கோணத்தில் சொன்னால் இரண்டு டிகிரிகூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. பின்சக்கர கியர் மாற்றி மாட்டும் ஹேங்கரில் இருப்பது 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. அங்கே இதே தவறு நடக்க ஆறு டிகிரி அளவுக்குச் சாய வேண்டும். மரை ஏறக்குறைய அதேதான், வாய் அகன்றால் ஆபத்தும் கூடுகிறது. ஊறுகாய் ஜாடியின் அகன்ற மூடி கோணிக்கொள்வதும், தண்ணீர் பாட்டில் மூடி ஒழுங்காக ஏறுவதும் இதனால்தான்.

எனவே ஸ்பானர் பிறகு, முதலில் விரல். கப்பை வாயில் வைத்து, இறுக்கும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று லேசாக இறங்கும். ஒரு மரையின் நுனி இன்னொன்றின் நுனியைத் தாண்டி விழும் சத்தம் அது. அங்கிருந்து திசை மாற்றித் திருகினால் நேராகப் பிடிக்கும்.

ஆனால் எது இறுக்கும் திசை? பி.எஸ்.ஏ. வகையில் வலப்பக்கக் கப்புக்கு ரிவர்ஸ் மரை, அதாவது கடிகாரத்துக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். இது தெரியாமல் பாழாக்கிய ஃபிரேம்கள் ஏராளம். ஏன் இந்த வம்பு என்றால், ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவியை ஒரு திசையில் சுற்றினால் அது கல்லின் சுவரை ஒட்டி உருண்டு, கைக்குள் எதிர்த்திசையில் புரளும். குழாய்க்குள் கப்புக்கும் மயிரிழை இடைவெளி உண்டு. மிதிக்கும் பாரத்தின் திசை மாறிமாறி வரும்போது கப்பும் குழவி மாதிரி எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரப் பார்க்கும். சாதாரண மரையாக இருந்தால் வலப்பக்கம் அது கழன்று வரும் திசை. மரையைத் திருப்பி வெட்டினால் அதே நகர்வு இறுக்கிவிடும்.

சரி, விரலுக்குப் பிடிக்கவில்லை என்றால்? மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பெயின்ட் அடைப்பு லேசாக இருந்தால் பாதி இதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு டேப் வேண்டும். பி.பி. டேப் செட்டில் இரண்டு பக்க டேப்பையும் ஒரே தண்டு கோத்துப் பிடித்திருப்பதுதான் சூட்சுமம். எதிர்வாயைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு இந்த வாயில் நேராக இறங்கலாம். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் ஒடிந்து விழும். அவசரப்பட்டு முன்னேயே ஓட்டினால் அந்தச் சீவலே நல்ல மரையைக் கிழிக்கும். அந்த செட் விலை அதிகம். ஒரே ஒரு ஃபிரேமுக்காக வாங்குவதைவிட, வைத்திருக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

ஹேங்கரில் அடிபட்டிருப்பது பெரும்பாலும் போல்ட் நுழையும் முதல் ஒன்றிரண்டு மரைதான். அதனால் டேப்பை வெளியிலிருந்து விடாமல், சக்கரம் இருக்கும் உட்பக்கத்திலிருந்து விடுங்கள். அங்கே கெடாத மரை டேப்புக்கு வழிகாட்டும், நசுங்கிய இடத்துக்கு வரும்போது டேப் சரியான பாதையிலேயே வந்து சேரும்.

அலுமினிய ஃபிரேமில் எஃகுக் கப்பை முரட்டுத்தனமாக ஏற்றினால் தோற்பது ஃபிரேம்தான். மரை முழுக்க மழுங்கிவிட்டால் டேப்புக்கு வேலை இல்லை. அப்போது ஒன்று, மரையே தேவையில்லாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் வகை பி.பி. போடலாம். இல்லையென்றால் குழாயைக் குடைந்து 36 மி.மீ. இத்தாலிய மரை வெட்டலாம். பழைய மரை இருந்த இடத்தையே அது தின்றுவிட்டுப் புது உலோகத்தில் பிடிக்கும், குழாய்ச் சுவர் அதற்குத் தடிமனாக இருக்க வேண்டும். இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் சாதாரணத் திசைதான், ஆகவே வலப்பக்கத்தை நன்றாக இறுக்குங்கள். அடுத்து கழற்றப்போகிறவருக்காகக் குழாயின் அடியில் மார்க்கரால் 'இத்தாலி' என்று எழுதியும் வையுங்கள்.