ஹவுஸ்ஹோல்டு: குடும்பமா, இல்லமா, குடித்தனமா?

‘ஒருநபர் குடும்பங்கள் பெருகிவருகின்றன.’ மக்கள்தொகை பற்றிய செய்திகளில் இந்த வரி ஓயாமல் வருகிறது. ரத்த உறவாலோ மணத்தாலோ தத்தாலோ இணைந்து சேர்ந்து வாழும் இரண்டு பேராவது இருந்தால்தான் கணக்கெடுப்பில் அது குடும்பம். ஒற்றை ஆள் எப்படிக் குடும்பமாவார்? ஆங்கில மூலத்தில் இருப்பது ஹவுஸ்ஹோல்டு; உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாகவோ சேர்ந்தோ ஒரு வீட்டை நடத்துவோரைக் குறிக்கும் சொல். அதைக் குடும்பம் என்று பெயர்த்ததால் வந்த வினை இது. அடுத்த பத்தியிலேயே ‘நான்ஃபேமிலி ஹவுஸ்ஹோல்டு’ வந்து நிற்கும். அது ‘குடும்பமல்லாத குடும்பம்’ ஆகிவிடும். ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பிழை தெரிந்துவிடும்.

ஹவுஸ்ஹோல்டில் வீடும் அதை வைத்து நடத்துவதும் சேர்ந்திருக்கின்றன. ஃபேமிலி, லத்தீன் ‘ஃபமிலியா’வின் வழி வந்தது, அதன் அடிச்சொல்லான ‘ஃபமுலுஸ்’ ஏவலாளைக் குறிக்கும். ரோமானியரின் ஃபமிலியாவில் அடிமைகளும் அடக்கம். உறவு என்ற பொருள் பிற்பாடுதான் இறுகியது. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

கணக்கெடுப்பில் ஹவுஸ்ஹோல்டை இரண்டு விதமாக வரையறுக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் உண்போர் ஒரு ஹவுஸ்ஹோல்டு என்பது ஒன்று. இந்தியக் கணக்கெடுப்பு இதைப் பின்பற்றுகிறது. ஒரே வீட்டு அலகில் இருக்கும் எல்லோரும் என்பது மற்றது. இது அமெரிக்க வழக்கம். இரண்டிலுமே உறவு நிபந்தனை கிடையாது.

இப்போது ‘இல்லம்’. குடும்பம் தவறு என்று உணர்ந்தவர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். கேட்க அழகுதான். ஆனால் முதியோர் இல்லத்தை என்ன செய்வது? முதியோர் இல்லம், விடுதி, சிறை இவற்றில் தங்கியிருப்போரைச் சாதாரண ஹவுஸ்ஹோல்டில் சேர்க்காமல் தனி வகையாகத்தான் எண்ணுவார்கள். ஆக, ‘முதியோர் இல்லங்களில் வாழ்வோர் இல்லக் கணக்கில் வரமாட்டார்கள்’ என்று எழுதவேண்டிவரும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் யாரோடு வாழ்கிறார்கள் என்ற அட்டவணையைப் பெயர்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் இந்த மோதல் வரும். போதாததற்கு, இல்லம் கட்டடத்தையும் குறிக்கிறது. கட்டடத்தையும் அதில் வாழ்வோரையும் பிரித்துச் சொல்லத்தானே இன்னொரு சொல் தேடினோம்? ‘மனை’ இன்று விற்பனைக்குள்ள நிலமாகிவிட்டது. ‘வீட்டார்’ நல்ல சொல்; ஆனால் ‘நான்கு வீட்டார்’ என்றால் நான்கு ஆட்களா, நான்கு தொகுதிகளா என்று தெரியாது.

நம் வாயில் இருக்கும் சொல்லோ குடித்தனம். ‘அந்த வீட்டில் நாலு குடித்தனம்’ என்றால் கட்டடம் ஒன்று, சமையல் நான்கு என்று யாருக்கும் புரியும். மணமான மகன் தனிக்குடித்தனம் போனால் குடும்பத்தைவிட்டுப் போனதாக யாரும் சொல்வதில்லை. புள்ளியியலாளர் பக்கம்பக்கமாக விளக்கும் வேறுபாடு இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கணவனும் மனைவியும் நடத்துவதுதானே குடித்தனம் என்று சிலர் தடுப்பார்கள். அதுவும் ஒரு பொருள்தான். ஆனால் வாடகைக்கு இருக்கும் நண்பர்கள் இருவரையும் அந்த நாலில் ஒன்றாக எண்ணுகிறோமே! ‘தனம்’ என்ற ஈறு பிராகிருத வழி வந்தது என்று தூய்மை பேசுவோருக்கு: பெரியதனமும் துடுக்குத்தனமும் வேண்டுமென்றால் இதுவும் வேண்டும். குடும்பத்தை விரட்டவும் நான் சொல்லவில்லை. குறளில் ‘குடிசெயல்வகை’ அதிகாரத்துக்குள்ளேயே, 1029ஆம் பாட்டில், அந்தச் சொல் இருக்கிறது. அதனதன் இடத்தில் அதது இருக்கட்டும்.

சொல் மாறினால் கணக்கும் மாறும். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வயதான தம்பதி. மேலே, தனிச் சமையலோடு மகன், மருமகள், குழந்தை. பக்கத்து அறையில் சேர்ந்து சமைக்கும் நண்பர்கள் இருவர். பின்கட்டில் தனியாக ஒரு மூதாட்டி. மொத்தம் 8 பேர், 4 குடித்தனம். கணக்கெடுப்பின்படி குடும்பம் 2தான். குடித்தனத்தின் சராசரி அளவு 2, குடும்பத்தின் சராசரி 2.5. முதல் எண்ணை எடுத்து ‘சராசரிக் குடும்பம் சுருங்கி 2 ஆனது’ என்று தலைப்புப் போட்டு, குடும்ப அமைப்பே சிதைகிறது என்று தலையங்கமும் எழுதுகிறார்கள். முதியவர்கள் தனியாக நெடுங்காலம் வாழ்ந்தாலும், இளையவர்கள் மணத்துக்கு முன்பே தனி வீடு எடுத்தாலும் குடித்தனங்களின் சராசரி இறங்கும்; எந்தக் குடும்பமும் உடைந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே ஓராள் குடித்தனம், குடும்பக் குடித்தனம், உறவல்லாதோர் குடித்தனம், மூன்று தலைமுறைக் குடித்தனம் என்று எழுதலாம். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் குறிக்கும் ‘ஹவுஸ்ஹோல்டர்’ என்பதற்குத் ‘தலைவர்’ வேண்டாம். அமெரிக்கக் கணக்கெடுப்பு 1980லேயே ‘தலைவர்’ என்பதைக் கைவிட்டு அந்தச் சொல்லுக்கு மாறியது. ‘குடித்தனப் பொறுப்பாளர்’ போதும். மற்றவர்களின் உறவு அவரை வைத்தே பதிவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முப்பது வயது மகன் பெற்றோர் வீட்டில் இருந்தால் ‘பொறுப்பாளரின் பிள்ளை’. வீடு அவன் பெயரில் இருந்து அவனே பொறுப்பாளரானால், அதே மூவர், அதே சமையல். ஆனால் ‘பிள்ளை’ என்ற வரிசையில் அவன் இல்லை, பெற்றோர் ‘பொறுப்பாளரின் பெற்றோர்’ ஆகிவிடுவார்கள்.

‘லிவிங் அரேஞ்ச்மென்ட்ஸ்’ என்பதை ‘வாழ்க்கை ஏற்பாடுகள்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். ‘யாரோடு வசிக்கிறார்கள்’ என்று தலைப்பிட்டால் அட்டவணையின் பொருள் அப்படியே வந்துவிடும். அடிக்குறிப்பையும் சேர்த்துப் பெயர்க்கவேண்டும். அமெரிக்காவின் நடப்பு மக்கள்தொகை ஆய்வில், விடுதியில் தங்கிப் படிக்கும் மணமாகாத கல்லூரி மாணவர்களைப் பெற்றோர் வீட்டில் இருப்பவர்களாகத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் குறிப்பு விடுபட்டால், 18 முதல் 24 வயது வரையிலானவர்களின் எண் தமிழில் வேறு கதை சொல்லும்.