கூரை ஓரத்துல தண்ணி ஏன் சுவர் பக்கம் திரும்புது?

ஒரு டம்ளர்ல தண்ணி எடுத்து ரொம்ப மெதுவா சாய்ச்சு ஊத்திப் பாருங்க. நேரா கீழ விழாது, டம்ளரோட வெளிப்பக்கத்தை ஒட்டிக்கிட்டே அடி வரைக்கும் வழிஞ்சு கையெல்லாம் நனைஞ்சிடும். வேகமா ஊத்தினா அப்படி ஆகாது. மழை வந்தா வீட்டு இறவாணத்துல நடக்குறதும் இதேதான். தண்ணி மூலக்கூறுகள் ஒன்னையொன்னு இழுத்துப் பிடிச்சுக்கும், தொடுற பொருளையும் பிடிச்சுக்கும், அதனால மெல்லிசா வர்ற தண்ணி விளிம்போட விழாம வளைஞ்சு அடிப்பக்கத்துல ஒட்டி, அப்படியே சுவர் வரைக்கும் ஊர்ந்து போகும். கொட்டுற மழைய விட தூறல்லதான் இது அதிகம்.

சன்ஷேடுக்கு அடியில நீளமா ஒரு சின்ன பள்ளம் விட்டிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? ஊர்ந்து வர்ற தண்ணி அந்தப் பள்ளத்து ஓரத்துக்கு வந்ததும், அதுக்கு மேல போகணும்னா மேல்நோக்கி ஏறணும், ஏற முடியாம அங்கேயே சொட்டா திரண்டு கீழ விழுந்திடும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு. பட்டி பாக்குறப்போ, பெயிண்ட் அடிக்கிறப்போ அதை அடைச்சு சமமாக்கிடுறாங்க, அப்புறம் சுவர்ல ஏன் ஓதம் வருதுன்னு தேடிக்கிட்டே இருக்கணும். தயவு செஞ்சு அந்தப் பள்ளத்தை அடைக்க விடாதீங்க.

சரி, இப்ப கூரை ஓரத்து வாய்க்கால். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர் தண்ணி. 100 சதுர மீட்டர் கூரைல 50 மில்லிமீட்டர் பெஞ்சா 5000 லிட்டர், அதாவது 5 டன், அத்தனையும் ஒன்னு ரெண்டு பைப் வாய் வழியாத்தான் இறங்கணும். அடைப்பு ஆரம்பிக்கிறதும் அந்த வாய்லதான். முதல்ல ஒரு இலை வந்து படுக்கும், தண்ணியோட அழுத்தமே அதை அமுக்கிப் பிடிச்சுக்கும், அதுமேல காம்புங்க குறுக்கும் நெடுக்கும் விழுந்து வலை மாதிரி ஆகும், அந்த வலைல தூசி தங்கி சேறாகி, கொஞ்ச நாள்ல அதுலயே செடி முளைச்சு வேர் விட்டுடும். தேங்குற தண்ணியோட எடையும் லேசுப்பட்டதில்ல. 10 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் உள்ள வாய்க்கால் நிறைஞ்சா மீட்டருக்கு 10 கிலோ, 10 மீட்டருக்கு 100 கிலோ. கிளாம்ப் தளர்ந்து நடுவுல தொங்கும், தொங்குன இடத்துல இன்னும் தண்ணி தேங்கும், அதனால இன்னும் தொங்கும்.

நிரம்பி வழிஞ்சாலும் வெளிப்பக்கமா வழியணும்னுதான் முன்விளிம்பைப் பின்விளிம்பை விட தாழ்வா வைக்கிறது. பின்பக்கம் தாழ்ந்துட்டா தண்ணி கூரை மரத்துக்குள்ள போயிடும், மரத்தோட ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்னா பூஞ்சை அரிக்க ஆரம்பிச்சிடும்.

சுத்தம் பண்றதுக்கு இலை லேசா ஈரமா இருக்குற நேரம்தான் சரி, காஞ்சிருந்தா தூசி பறக்கும், ஊறியிருந்தா கனக்கும். பைப் வாய்கிட்ட ஆரம்பிச்சு அதை விட்டு விலகுற மாதிரி வாரிக்கிட்டே போங்க, உள்ள தள்ளிடாதீங்க. ஏணி 4 மீட்டர் உயரத்துல சாஞ்சா அதோட அடி சுவர்ல இருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கணும், வாய்க்கால் மேல சாய்க்கவே கூடாது, கீழ ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். கடைசியா தூரத்து முனைல ஹோஸ் வச்சு தண்ணி விட்டுப் பாருங்க, எங்க தேங்குதோ அங்க வாட்டம் போயிடுச்சுன்னு அர்த்தம். 10 மீட்டருக்கு 2, 3 சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே போதும்.

தேங்குன இடத்தைக் கண்டிப்பா தேய்ச்சுக் கழுவுங்க. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஓரத்துல முட்டைய ஒட்டி வைக்கும், அது காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், மறுபடி தண்ணி வந்ததும் பொரிச்சு 7ல இருந்து 10 நாள்ல கொசுவா பறந்துடும். அதனால தண்ணிய மட்டும் வடிச்சு விட்டா போதாது.

அடுத்த தூறல்ல குடை பிடிச்சுக்கிட்டு வெளிய வந்து இறவாணத்தோட அடிப்பக்கத்தை ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. சொட்டு விளிம்புல விழுதா, இல்ல உள்ள ஊர்ந்து சுவர்கிட்ட வந்து விழுதான்னு கண்ணாலயே தெரியும்.