வாடைக்கு 06, கச்சானுக்கு 24

மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில் இருக்கிறது. அதன் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 06 என்று பெயர், மறுமுனைக்கு 24. இவை வரிசை எண்கள் அல்ல, திசைகள். வடக்கிலிருந்து வலமாகச் சுற்றினால் கிழக்கு 90 பாகை, தெற்கு 180 பாகை. விமானம் ஓடும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து, பத்தால் வகுத்தால் அந்த எண் வரும். 06 என்றால் 60 பாகை, ஏறத்தாழ வடகிழக்கு. எதிர்ப்பக்கமாக ஓடினால் 240, தென்மேற்கு.

மட்டக்களப்பு ஆட்களுக்கு இந்த இரண்டு திசையும் பழக்கமானவைதான். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வரும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாவியில் தோணி விடுகிறவர் காலையில் எழும்பியதும் பார்க்கிற அதே காற்றைத்தான் விமானியும் பார்க்கிறார்.

விமானத்தைத் தூக்குவது தரையில் ஓடும் வேகம் அல்ல, இறக்கையைத் தாண்டிக் காற்று போகும் வேகம். ஒரு சிறிய விமானம் எழும்ப அந்தக் காற்று மணிக்கு 130 கி.மீ. இருக்க வேண்டும் என்று வைப்போம். எதிரே 30 கி.மீ. வேகத்தில் வாடை அடிக்கிறது. ஓடுபாதையோரம் கட்டியிருக்கும் துணிக்குழாய் விறைத்து நிற்கும் அளவு காற்று அது. அந்த முப்பதை வாடையே கொடுத்துவிடும். சக்கரம் நூறில் ஓடினால் போதும். ஓட வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவதால் ஓட்டம் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். சரி, அதே காற்று முதுகில் அடித்தால்? சக்கரம் 160ஐத் தொட வேண்டும், தூரம் ஒன்றரை மடங்காகும். கட்டுநாயக்கவில் 3,350 மீட்டர் கிடக்கிறது. திமிலைதீவில் இருப்பது அதில் பாதிக்கும் குறைவு. சார்பு வேகம் படிக்கிற உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கச்சானில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு இறங்குகிறது. இறங்க இறங்கக் காற்று அமுங்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். முகத்தில் அனலாய் அடிப்பது அதனால்தான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும். ஆகவே கடும் வெயில் நண்பகலில் அதே விமானம் கொஞ்சம் கூடுதலாக ஓடித்தான் எழும்பும்.

1958இல் சிவில் விமானங்களுக்காகத் திறந்த இடம் இது. 1983இல் விமானப்படையின் கைக்குப் போனது. 2016இல் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திரும்பக் கிடைத்தது, 2018இல் சர்வதேச நிலையம் என்று அறிவித்தார்கள். இன்றும் இரு தரப்புக்கும் இருப்பது ஒரே பாதை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு திசைதான். கோபுரத்திலிருந்து 06 என்று சொன்னால் படையின் வை-12 விமானம் ஆனாலும், பயணிகளை ஏற்றிவரும் செஸ்னா ஆனாலும் 06தான். ஒன்று இந்த முனையில் இறங்கும்போது மற்றது அந்த முனையிலிருந்து கிளம்பினால் இரண்டும் நேருக்கு நேர் வரும். முன்னது இறங்கிப் பாதையை விட்டு விலகும்வரை பின்னது காத்துத்தான் நிற்க வேண்டும்.

வாடைக் காலத்தில் இறங்குகிற விமானம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வரும். கச்சான் காலத்தில் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பக்கமிருந்து, நகரத்துக்கு மேலாகத் தாழ்ந்து வரும்.