ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்புகிறீர்களா? முதலில் வயர் ராடைப் பாருங்கள்

எனர்ஜி ஆடிட்டுக்காக அம்பத்தூர், கிண்டிப் பக்கம் போல்ட், நட், ஸ்க்ரூ செய்யும் பட்டறைகளுக்குப் போனால் இப்போதெல்லாம் முதல் கேள்வியே இதுதான்: "சார், ஐரோப்பாக்காரன் போடுற கார்பன் வரியை நாமளா கட்டணும்?" அவர்கள் கேட்பது CBAM பற்றி: இரும்பு, அலுமினியம் போன்ற சரக்கைச் செய்யும்போது வெளியான கார்பன் டை ஆக்சைடுக்கு, அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது போடும் கட்டணம். இல்லை, கட்டப்போவது அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் எவ்வளவு கட்டுவார் என்பது உங்கள் பட்டறையிலிருந்து போகும் கணக்கைப் பொறுத்தது என்பதால், அடுத்த ஆர்டருக்கு விலை பேசும்போது அது உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

2025 முடியும்வரை உமிழ்வுக் கணக்கை அறிக்கையாகக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு. இறக்குமதியாளர் இந்தக் கட்டணத்தைச் சான்றிதழாக வாங்கித்தான் கட்டவேண்டும்; அதன் விற்பனை 2027 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது, ஆனாலும் 2026இல் இறங்கிய சரக்குக்கும் அதில்தான் கட்டவேண்டும்.

"சோலார் போட்டாச்சு சார், நமக்குக் கவலையில்லை" என்கிறார்கள். கரண்ட் பில் குறையும், சந்தோஷம். ஆனால் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இப்போதைக்கு நேரடி உமிழ்வுக்குத்தான், அதாவது செய்யும் இடத்திலேயே வெளியாகும் புகைக்குத்தான் கட்டணம், மின்சாரத்தின் பங்கு அதில் வராது. ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸில் எரிகிற கேஸ் வரும்; 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 57 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதுவும் சில்லறைதான். பெரிய தொகை போல்ட் செய்ய நீங்கள் வாங்கும் எஃகுக் கம்பியான வயர் ராடிலேயே ஏறி வந்துவிடுகிறது. நிலக்கரி போட்டு ஊதுலையில் எடுத்த எஃகு என்றால் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு, ஸ்கிராப்பை மின்உலையில் உருக்கியது என்றால் அதில் சின்னப் பங்குதான். ஒரு டன் போல்டுக்கு 1,080 கிலோ கம்பி ஓடுகிறதா, 1,080க்கும் கணக்கு உண்டு, வேஸ்ட் போனது உங்கள் பாடு.

ஆக, கம்பி செய்த மில்லிடம் டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு பட்டறையில் இதைக் கேட்டதும் சூப்பர்வைசர் டெஸ்ட் சர்டிபிகேட்டை நீட்டி, "இதோ சார், கார்பன் 0.35" என்றார். அது எஃகுக்குள் இருக்கிற கார்பன். நான் கேட்டது மில்லின் புகைபோக்கி வழியாகப் போனதை. ஆனால் அதே தாளில் ஹீட் நம்பர் இருந்தது, அதாவது அந்த எஃகு எந்த உருக்கில் வந்தது என்று மில் போடும் எண். டீலரிடம் வாங்குபவர்கள் அதைப் பத்திரமாக வையுங்கள், அதைக் காட்டித்தான் நேராக மில்லிடம் போய்க் கேட்க முடியும்.

எண் கிடைக்காவிட்டால் ஐரோப்பிய ஆணையம் நாடுவாரியாக வைத்திருக்கும் பொது மதிப்பைப் போட்டு, அதன்மேல் கொஞ்சம் ஏற்றியும் விடுவார்கள். நீங்கள் தேடிப்பிடித்து வாங்கிய, ஸ்கிராப்பை உருக்கிச் செய்த கம்பிக்கு ஒரு பலனும் இருக்காது. சொந்த எண் கொடுப்பதென்றாலும் எக்செல் ஷீட் மட்டும் போதாது, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், 50 டன்னுக்குள் விலக்கு என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனியுங்கள்: அந்த 50 டன் இறக்குமதியாளரின் ஓராண்டு மொத்தக் கணக்கு. நீங்கள் அனுப்புவது 5 டன்தான் என்றாலும் லூதியானாவிலிருந்தும் தைவானிலிருந்தும் அவர் வாங்குவதெல்லாம் அதில் சேரும். அவர் 50 டன்னுக்குள்ளா, மேலா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். எண் வராமல் கட்டணம் கூடினால் யார் பொறுப்பு என்பதையும் விலை பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனும் 2027 ஜனவரி 1 முதல் இதே மாதிரி ஒன்றைத் தொடங்குகிறது. பர்மிங்ஹாமுக்கு அனுப்புபவர்கள் ஹீட் நம்பர் ஃபைலை இப்போதே திறந்து வைக்கலாம்.