"தோற்றால் மறுபடி முயல்க" என்று எழுதிவிட்டுக் காவடிக்குப் போனேன்

மொரீசியசில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. அன்று பகல் முழுக்க காத்ர் போர்னில், கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கிற முருகன் கோயில் படிகளில் கழிந்தது. செல்போனைப் பார்த்தது சாயங்காலம்தான். எபேனில் எங்கள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. எங்களுக்காகப் பிரௌசரை ஓட்டும் ஏஜென்ட் (தானாக வேலை செய்யும் ஏஐ நிரல்) மட்டும் லீவு எடுக்கவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கன்டெய்னர் புக் செய்ய வேண்டிய இடத்தில் மூன்று புக் செய்து வைத்திருந்தது.

ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். படிவத்தை ஒழுங்காகத்தான் நிரப்பிச் சமர்ப்பித்திருக்கிறது. தளம் அன்று ஆமை வேகம். 30 விநாடி ஆனதும் டூல் (ஏஜென்ட் பட்டனை அழுத்தப் பயன்படுத்தும் கருவி) 'டைம்அவுட்' என்று சொல்லிவிட்டது. பதில் வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்த வித்தியாசம் ஏஜென்டுக்கு எங்கிருந்து தெரியும்? டூலை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்டுக்குச் சொல்லும் குறிப்பில் நான் எழுதியிருந்த வரி இது: "தோற்றால் மறுபடி முயல்க, மூன்று முறை வரை." சொன்னதைச் செய்திருக்கிறது.

பிரௌசரைத் தானாக ஓட்டும் கருவிகளில் செலினியம் 2004-இல் வந்தது, பிளேரைட் 2020-இல். இரண்டுக்கும் நல்ல டாக்குமென்ட் உண்டு, ஆனால் மனிதர் வாசிப்பார் என்று நினைத்து எழுதத் தொடங்கியவை. பணம் கட்டும் பக்கம் தொங்கினால் நமக்குக் கை தானாக நின்றுவிடும். பக்கத்து சீட்டில் கேட்போம், பேங்க் எஸ்எம்எஸ் வந்ததா என்று பார்ப்போம். இதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. ஏஜென்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி முறையில் (ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறி), ஒரு டூலைப் பற்றி ஏஜென்டின் மூளையான மாடல் பார்ப்பது பெரும்பாலும் அதன் பெயர், சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற விவரம், அவ்வளவுதான். அதற்காகப் பத்துப் பக்கம் எழுதித் திணிக்கவும் முடியாது. ஒவ்வொரு வரியும் மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்தின் அளவில், இடம் பிடிக்கும்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "இதை ஒரு முறைதான் அழுத்தலாம். டைம்அவுட் வந்தால் மறுபடி அழுத்தாதே. 'என் புக்கிங்குகள்' பக்கத்துக்குப் போய், இன்றைய தேதியில் இதே கன்டெய்னர் இருக்கிறதா பார். இருந்தால் அதன் எண்ணைத் தந்துவிட்டு நிறுத்து. இல்லாவிட்டாலும் நிறுத்தி, மனிதரைக் கேள்." கடைசி வாக்கியம் அதிகப்படி என்று டீமில் சண்டை. கால் மணி நேரம் கழித்துப் பதிவாகிற தளங்களையும் பார்த்தவன் நான், விட்டுக்கொடுக்கவில்லை.

எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பில் இதற்கென்றே டூலுக்கு அடையாளக் குறி போட இடம் தந்துவிட்டார்கள்: படிக்க மட்டும், அழிக்கக்கூடியது, திரும்பச் செய்தாலும் கூடுதல் விளைவில்லாதது என்று. ஆனால் அவை சாடைதான், பூட்டு அல்ல. "இருமுறை அழுத்தினால் இரண்டு கன்டெய்னர்" என்பதை வாக்கியமாகவும் எழுதிவிடுங்கள்.

அப்புறம் ரெஃப், அதாவது பக்கத்திலுள்ள பட்டன்களுக்கு இடும் அடையாளக் குறி. பிளேரைட்டின் எம்சிபி சர்வர், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் படிக்கிற அதே அக்ஸசிபிலிட்டி விவரத்தை எழுத்தாகத் தருகிறது; அதுதான் ஸ்னாப்ஷாட். ஒவ்வொரு பட்டனுக்கும் ஈ12, ஈ40 என்று ஒரு ரெஃப். பக்கம் மாறினால் பழைய ரெஃபை நம்ப முடியாது. "அழுத்திய பின் புது ஸ்னாப்ஷாட் எடு" என்று ஒரு வரி போதும்.

இந்த ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. பேச்சு கிரியோல், பாதித் தளங்கள் பிரெஞ்சு, மீதி ஆங்கிலம். பிரெஞ்சு முறையில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 1,500 கிலோ என்று அடித்தால் ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். பிளேரைட் டெஸ்டில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அமெரிக்க ஆங்கில அமைப்பு. தேதியில் மாதம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் குறிப்பில் இப்போது, "எண்ணில் காற்புள்ளி போடாதே. அனுப்புமுன் மாதத்தின் பெயரைத் திரையில் படித்துச் சரிபார்."

இணையப் பக்கத்தில் இருக்கும் எழுத்து தகவல்தான், உனக்கான கட்டளை அல்ல என்றும் எழுதுங்கள். குறிப்பு மட்டும் காப்பாற்றாது. ஏஜென்டின் லாகினுக்கு அதிகாரத்தையும் குறையுங்கள். ஏஜென்ட் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் யாருடைய அடையாள அட்டை எண்ணாவது மாட்டும். மொரீசியசின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதுவும் தனிநபர் தரவுதான். எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் டெஸ்டர் ஒரு ரோஸ் ஹில்காரப் பெண். புதுக் குறிப்பு எழுதினால் அவரிடம் கொடுத்து, "கேள்வியே கேட்கக் கூடாது" என்று உட்காரவைத்துவிடுவேன். அவர் கை எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு வரி குறைகிறது. போன வாரம் நின்ற இடம் ('வாலிதே' என்றால் பிரெஞ்சில் 'உறுதிசெய்'): "'வாலிதே' பட்டனை அழுத்து." பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்: "எந்த வாலிதே, அண்ணா?" அந்தப் பக்கத்தில் அதே பெயரில் இரண்டு பட்டன். மேலே இருப்பது முகவரியைச் சேமிக்கும். கீழே இருப்பது பணத்தை எடுத்துவிடும்.