முகாமில் பணக்கொடை யார் தருகிறார்கள்? செட்டிநாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் சாலையில் உள்ள லேணாவிளக்கிலும், சிவகங்கை மாவட்டத்து ஒக்கூரிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. இவற்றைக் கடந்து காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நாள்தோறும் போய்வரும் நம்மில் பலருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு மாதந்தோறும் பணக்கொடையாக, அதாவது அரசின் உதவித் தொகையாக, எவ்வளவு பணம் கிடைக்கிறது, அதை மாநில அரசு தருகிறதா ஒன்றிய அரசு தருகிறதா, ஒரே நாளில் பல நூறு பேர் கரையேறினால் முதல் வேளைச் சோற்றுக்கு யார் கணக்கில் செலவு எழுதப்படுகிறது என்பவை தெரிவதில்லை. தெரியாததால் உண்டாகும் தவறான பேச்சுகள் அந்தக் குடும்பங்களைக் காயப்படுத்துகின்றன. ஆகவே இதை ஒழுங்காக எழுதிவைப்பது தேவை என்று கருதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், குடியுரிமையும் அயல்நாட்டவரும் பற்றிய பொருள் ஒன்றியப் பட்டியலின் 17ஆம் பதிவாகவும், நாட்டுக்குள் வருவதும் வெளியேறுவதும் 19ஆம் பதிவாகவும் உள்ளன. எனவே, வந்தவரை ஏற்பதா என்று முடிவு செய்வது தில்லி. அவர் வந்து இறங்கும் கரை, தங்கும் நிலம், படிக்கும் பள்ளி ஆகியவை மாநிலத்தின் பொறுப்பு. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் முகாமில் கிடைக்கும் எதுவும் சட்டம் வழங்கிய உரிமை அன்று. அரசாணைகளின் வழியே வரும் நிவாரணமே ஆகும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பின்னால் சொல்லப்போகும் எல்லாச் சிக்கல்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

புயல், வெள்ளம், வறட்சி போன்ற பேரிடர்களுக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று முன்கூட்டியே இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதன் நான்கில் மூன்று பங்கை ஒன்றிய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் இடுகின்றன. அந்த நிதிக்கென ஒன்றிய அரசு அறிவித்த பேரிடர்ப் பட்டியலில் அகதிகள் வருகை இல்லை. ஆகவே திடீரென மக்கள் வந்து சேரும்போது, மாநில அரசு முதலில் தன் கருவூலத்திலிருந்து செலவிடுகிறது. பிறகு கணக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்குப் போகிறது. அமைச்சகம் தான் ஒப்புக்கொண்ட செலவினங்களுக்குரிய தொகையை மாநிலத்துக்கு ஈடுசெய்கிறது. பணக்கொடை, மானிய விலை அரிசி, துணி, பாத்திரம் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. இன்று இதற்கான தலைப்பு, புலம்பெயர்ந்தோர் மற்றும் தாயகம் திரும்பியோருக்கான நிவாரண மறுவாழ்வுத் திட்டம் என்பதாகும். ஏழு துணைத் திட்டங்களைக் கொண்ட அதற்கு 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு 1,452 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த ஏழில் இலங்கைத் தமிழருக்கான உதவி ஒன்று.

வருகை மிகப் பெரிதாக இருந்தால் இந்த வழி போதாது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது, ஒன்றிய அரசு நாடு முழுவதும் தனி வரி விதித்தது. அவ்வாண்டு நவம்பர் 15 முதல், கடிதம் அனுப்புவோர் வழக்கமான தபால்தலையுடன் 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒன்றையும் ஒட்ட வேண்டியிருந்தது. 1973இல்தான் அது விலக்கப்பட்டது. வங்காளத்து முகாம்களின் செலவில் காரைக்குடியில் கடிதம் எழுதியவரும் பங்கு கொடுத்தார் என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை.

இலங்கையிலிருந்து 1983 சூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகும் வந்த இரு அலைகளில் தலா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இராமேசுவரம் தீவின் கரைகளில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே வருவாய்த் துறையினர் பெயர் பதிய, தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு போலீசார் விசாரிக்க, குடும்ப அடையாள அட்டை பெற்று, வெவ்வேறு மாவட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்தப் பதிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பதிவில் பெயர் இருந்தால் பணக்கொடை உண்டு, அரிசி உண்டு. மாதாந்திரக் கணக்கெடுப்பின்போது முகாமில் இல்லாவிட்டால் அந்தத் தொகை நிற்கலாம். முகாமுக்கு வெளியே சொந்தச் செலவில் வாழ்பவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பணக்கொடை இல்லை. 2021 ஆகஸ்டில் முகாம்களில் 58,822 பேரும், வெளியே 34,087 பேரும் இருந்ததாகத் தமிழ்நாடு அரசு தெரிவித்தது.

அதே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். அதன்படி மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், குழந்தைகளுக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. தாய், தந்தை, பாட்டி, இரண்டு குழந்தைகள் என்று ஐவர் உள்ள வீட்டுக்கு மாதம் 3,300 ரூபாயாக இருந்தது 4,500 ஆயிற்று. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்பவர்கள், இந்த 4,500 ரூபாயில் ஐந்து பேர் ஒரு மாதத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று தங்கள் வீட்டுச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2011இல் நிர்ணயித்த தொகை பத்தாண்டுகள் அப்படியே நின்றது. விலைவாசி ஏறும்போது அரசு ஊழியரின் அகவிலைப்படி ஏறுகிறது. பணக்கொடைக்கு அப்படி ஓர் ஏற்பாடு செய்யப்படவில்லை. இது மாற்றப்பட வேண்டிய குறை என்பதே என் கருத்து.

வீடுகளின் கதை இன்னும் வருத்தமானது. அவசர நிவாரணக் கணக்கில் தற்காலிகக் கொட்டகைக்குத்தான் பணம் எழுத முடியும். போர் ஓய்ந்ததும் திரும்பிவிடுவார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட பத்துக்குப் பத்து அடி அறைகளில் பிள்ளைகள் வளர்ந்து, மணமுடித்து, பேரப் பிள்ளைகளும் பிறந்தார்கள். முப்பது ஆண்டுகள் குடியிருந்த கூரையை அரசுக் கணக்கு தற்காலிகம் என்றே சொல்லிவந்தது. 2021 அறிவிப்பில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சராசரியாக ஒரு வீட்டுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம். அப்போதுதான் அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது.

செட்டிநாட்டுக்கு இதே விஷயத்தில் வேறொரு பழைய அனுபவமும் உண்டு. பர்மாவில் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நகரத்தாரும் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), அவர்களை நம்பிப் போன பெட்டியடிப் பையன்களும் (கடையில் எடுபிடி வேலை செய்தவர்கள்) சமையற்காரர்களும் 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் காடு மலை வழியே நடந்தும் திரும்பினார்கள். 1960களில் அங்கே கடைகள் தேசியமயமானதும் இன்னொரு கூட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. இந்த இரு சாராரையும் அரசு தாயகம் திரும்பியோர் என்று பதிந்தது. அந்தச் சொல் திட்டத்தின் போக்கையே மாற்றியது. அவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கியை ஒன்றிய அரசு தொடங்கியது; நீலகிரியில் மாநில அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்து வேலை கொடுத்தது; தொழில் தொடங்கக் கடன் கிடைத்தது. அந்தத் திட்டங்களிலும் ஏமாற்றங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பணம் ஒருவர் வேரூன்றுவதற்காகச் செலவிடப்பட்டது. அகதி என்று பதியப்பட்டவருக்கோ அந்த மாதத்தை ஓட்டுவதற்காக மட்டும் செலவிடப்படுகிறது. ஒரே கடலைக் கடந்து வந்தவர்களை இரண்டு பதிவேடுகள் இப்படிப் பிரித்துவிட்டன.

பதிவின் வலிமையை அண்மையில் மீண்டும் கண்டோம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் சிறு படகுகளில் வந்தவர்களை மாநில அரசு மண்டபத்தில் தங்கவைத்தது. ஒன்றிய அரசு அவர்களை அகதிகளாக ஏற்காததால், பழைய முகாம்வாசிகளுக்கான ஈட்டுத் தொகை முறை அவர்களுக்குப் பொருந்தவில்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டவர் சட்டத்தின் விலக்கு ஆணையும், 2015 சனவரி 9 வரை வந்து அரசிடம் பதிந்த இலங்கைத் தமிழருக்கே தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குத் தருகிறது.

முகாமில் இருப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்து, சான்றிதழைக் கொண்டு முகாம் வருவாய் அலுவலரிடம் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கக் கேட்க வேண்டும்; அதன் பிறகே அந்தக் குழந்தைக்குரிய தொகையைக் கோர முடியும். பெற்றோரின் பழைய பிறப்புச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்த வேண்டும். 1950 சனவரி 26க்கும் 1987 சூலை 1க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் கூறுகிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, இந்த விதியின் அடிப்படையில் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது.