அது மனதைப் படிக்கவில்லை

பேச்சிழந்த ஒருவர் மூளையில் பொருத்திய மின்முனைகளின் உதவியால் மறுபடி பேசினார் என்று செய்தி வந்தால் போதும், தலைப்பு தயாராக இருக்கும்: ‘மனதைப் படிக்கும் கருவி’. போன வாரம் பார்த்த ஒரு காணொளியில் மட்டும் ஏழு முறை. எண்ணினேன்.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடலாம். இந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் பிரெயின் கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸ் என்று பெயர். 1973இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜாக் விடால் வைத்த பெயர். இன்டர்ஃபேஸ் என்ற சொல் அதைவிடப் பழையது, எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொள்கிற மாதிரியான பரப்புக்கு 1880களில் இயற்பியலில் புழங்கியது, பிறகு கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாம் அதை இடைமுகம் ஆக்கினோம். எனக்குப் பிடிக்காது. கழிமுகம், துறைமுகம் போலத்தானே என்பார்கள். கழிமுகத்தில் கழிக்கு முகம் இருக்கிறது, இடைமுகத்தில் யாருக்கு முகம்? சரி, ‘பயனர் இடைமுகம்’ என்று எழுதிப் பழகியாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும். அழகில்லாத சொல்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. ‘மனதைப் படிக்கும்’ பொய் சொல்கிறது.

அந்தக் கருவி எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். மூளையின் மேற்பரப்பில் கை, நாக்கு, உதடு இவற்றுக்கெல்லாம் ‘அசை’ என்று கட்டளை போடும் பகுதி இருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் ஏஎல்எஸ் நோயிலும் மூளைத்தண்டில் வரும் பக்கவாதத்திலும் கட்டளை கிளம்பும், தசைக்குப் போய்ச் சேராது. வழியில் தொலையும் அந்தக் கட்டளையைக் கிளம்பும் இடத்திலேயே மின்முனைகள் பிடித்துக்கொள்கின்றன. ‘பால்’ என்று சொல்ல வேண்டுமென்றால் நோயாளி பாலை நினைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. உதட்டைச் சேர்க்க முயல வேண்டும், பிறகு வாயைத் திறக்க, பிறகு நாக்கை மேலே கொண்டுபோக. உதடு சேர்ந்தால் ப், ம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறதே, அந்தப் பிறப்பைத்தான் கணினி கணிக்கிறது. முதலில் ஒலி, ஒலிகளைக் கோத்துச் சொல். இதில் மனம் எங்கே வந்தது?

2021இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்ததும் இதே கதைதான். கை செயலிழந்த ஒருவர் பேனா பிடித்து எழுதுவதாக முயன்றார், எழுத்துக்கு எழுத்து அந்த முயற்சியின் வடிவத்தைக் கணினி கண்டுபிடித்தது, நிமிடத்துக்கு 90 எழுத்து. 2023இல் பேச்சு முயற்சியிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்கள் ஒரு குழுவுக்கும் 78 சொற்கள் இன்னொரு குழுவுக்கும் கிடைத்தன. முயற்சி என்ற சொல்லை எடுத்துவிட்டால் இதில் எதுவுமே புரியாது. நம் தலைப்புகளில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

‘2025இல் மனதுக்குள் பேசுவதையே பிடித்துவிட்டார்களே’ என்று ஒருவர் மடக்கினார். உண்மைதான், ஓரளவு பிடித்தார்கள். ஆனால் உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல் வேறு, மனம் வேறு. ஆசை, பயம், நினைவு எல்லாவற்றையும் தமிழில் மனம் என்ற ஒரே சொல்லில்தான் வைத்திருக்கிறோம். அந்த ஆய்விலேயே, மனதுக்குள் ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும் என்ற பூட்டையும் சோதித்தார்கள். அதையும் ‘படிக்கும்’ என்றால் அனுமதியில்லாமல் டைரியைப் புரட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கு இலக்கணக் கோபமும் உண்டு. ‘மனதைப் படிக்கும் கருவி’யில் படிப்பது கருவி, நோயாளி வெறும் புத்தகம். நடப்பதோ தலைகீழ்: அவர் பேசுகிறார், கருவி உதவுகிறது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘எண்ணவுணரி’ என்று கொண்டுவந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வடமொழி கலக்காமல் அதே பொய்யைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

என் தேர்வு, பேச உதவுவதற்கு ‘மூளைவழிப் பேச்சுக் கருவி’. சுட்டியை நகர்த்துவது, இயந்திரக் கையை அசைப்பது எல்லாம் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல ‘மூளை–கணினி இணைப்பு’. இணைப்பு ரொம்பப் பொதுவான சொல் என்பார்கள். மின் இணைப்பு என்றால் எங்கிருந்து எங்கே எது போகிறது என்று யாரும் கேட்பதில்லையே.

அப்புறம், ஸ்டீபன் ஹாக்கிங் பேசியதும் இப்படித்தான் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பிற்காலத்தில் அவர் பயன்படுத்தியது கன்னத் தசையின் அசைவை.

இன்னொன்று, இவர்களை ‘முடக்குவாத நோயாளிகள்’ என்று எழுதுவது. முடக்குவாதம் என்று இன்று மருத்துவர்கள் சொல்வது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோயை. பக்கவாதம் என்று மாற்றினாலும் ஏஎல்எஸ்காரருக்குப் பொருந்தாது, அவருக்கு ஒரு பக்கம் மட்டுமா போயிற்று? இப்படி ஒரு கட்டுரையை அனுப்பி, மூட்டுவலிக்கு எதற்கு மூளையில் அறுவை சிகிச்சை என்று என் அத்தை கேட்டார். கை கால் செயலிழந்தவர் என்று எழுதியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.